அவர் பேசாத பேச்சு

கமலவேணி அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் தென்னூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர். திருவானைக்காவலில் என் வீட்டுச் சமையலறையில் காலை இட்லியை இறக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "மேடம், கமலவேணி அம்மா சிரிச்ச மாதிரி போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறீங்களா? கொஞ்சம் அவசரம்" என்றார். ஏதோ பாராட்டு விழா போலிருக்கிறது என்று நினைத்து, எதற்கு என்று கேட்டேன். அவர் தயங்கினார். "உங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்? அம்மா காலையில தவறிட்டாங்க. கட்சியில பேனர் சொல்லியிருக்காங்க" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் கணவர் கணேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆமாங்க, சகுந்தலாம்மா, என்றார். காபி கலந்துகொண்டு போய் எழுப்பியிருக்கிறார், அக்கா எழுந்திருக்கவில்லை. தொட்டியத்தில் இருக்கிற அக்காவின் தம்பிக்கே இன்னும் சொல்லவில்லை என்றார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். அதற்குள் எப்படியோ கட்சிக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது, அம்மா மண்டபம் சாலையிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்புகிற முனையில் முதல் பேனர் கட்டியாகிவிட்டது. அதில் அக்காவின் முகம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. மாவட்டச் செயலாளரின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. ‘கழனியில் பிறந்த கலைமகளே, கட்சியின் தூணே, கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தூணை ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பிடுங்கி வெளியே எறிந்தவர் அதே மாவட்டச் செயலாளர்தான்.

இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். கடந்த சில வாரங்களில் நடந்ததையெல்லாம் பார்த்த பிறகு அழுகை வரவில்லை, குமட்டுகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் கமலவேணி அக்காவுக்குப் பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்கிறேன்.

முனைவர் கமலவேணி தொட்டியத்தில் ஒரு வாழை விவசாயியின் மகளாகப் பிறந்தவர். தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வந்து தமிழ் படித்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் கரையில் இருக்கிற ஊர்களின் பெயர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். நூலகத்தில் உட்கார்ந்து செய்த ஆராய்ச்சி கிடையாது. ஊர் ஊராகப் போய், இந்தத் திட்டுக்கு ஏன் இந்தப் பேர், இந்தத் துறையில் முன்பு யார் இறங்கிக் குளித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதியது. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கணேசன் அண்ணன் ரயில்வேயில் ஃபிட்டர். விடுமுறை நாட்களில் மனைவியைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போவார். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அவங்க ஊர்ப் பேரைத் தேடுவாங்க, நான் டீக்கடையைத் தேடுவேன் என்பார்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகு, வானொலியில் ஒரு பேச்சுக்காக எங்கள் நிலையத்துக்கு வந்தார். நான் அங்கே நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்தேன். எழுதிக்கொண்டு வந்ததைக் கணீரென்று வாசித்தார். எங்களுக்கெல்லாம் திருப்தி. பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். பாதி கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "யாரு இது, மைதானத்துல நின்னு கத்துற மாதிரி?" என்று என்னிடம் கேட்டார். பிறகு எழுதி வந்ததைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். நான் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன் என்று வைத்துக்கொண்டு என்னிடமே பேசினார். அன்றைக்குப் பேசியது கரையோர ஊர்களில் ‘படுகை’ என்ற சொல்லைப் பற்றி. அந்தப் பேச்சு ஒலிபரப்பான வாரமே, இந்தம்மா மறுபடி எப்போது வருவார் என்று கேட்டு நேயர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அப்படித்தான் ‘காலைச் சொல்’ தொடங்கியது. தினமும் காலையில் செய்தி முடிந்ததும் ஐந்து நிமிடம், ஒரு சொல். தொட்டியத்து வாழைத் தோட்டக்காரர் முதல் ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெரியவர்கள் வரை அதற்காக ரேடியோவைத் திருகினார்கள்.

அவரைப் புனிதவதி ஆக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வேலையைச் செய்ய இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். அக்காவுக்குத் தன் குரல் மேல் அபாரப் பெருமை. பதிவுக்காக நிலையத்துக்குள் நுழைந்ததும், இன்னைக்குக் கேட்டியா என்றுதான் முதலில் கேட்பார். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் பதிவு முடியும் வரை என்னோடு பேச மாட்டார். குரலுக்கு ஆகாது என்று ஐஸ் தண்ணீர் தொட மாட்டார், எங்களையும் தொட விடமாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களை நிற்கவைத்து அதிலிருக்கிற பிழைகளைத் திருத்திக் கொடுப்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஆனால் அவருக்கு உண்மையாகவே கோபம் வருவது அலங்காரத் தமிழைக் கேட்டால்தான். ஒரு விழாவில் ஒருவர் அடுக்குமொழியில் பேசிக்கொண்டே போனார். அக்கா என் காதில், "இவ்வளவு ஜிகினா ஒட்டுறான்னா உள்ளே என்னமோ கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்" என்றார். பிறகு அரசியலுக்குள் போய் அதைத் தினமும் முகர்ந்து பார்க்க வேண்டி வரும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அவரை மாவட்டம் முழுவதும் பிரபலமாக்கியது ஒரு வெள்ளம். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதில், கொள்ளிடம் இரண்டு கரையும் புரண்டு வந்தது. பகல் நேரம். அக்கா அன்று வேறு ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நிலையத்துக்கு வந்திருந்தார். பணியில் இருக்க வேண்டிய அறிவிப்பாளர் மழையில் வந்து சேரவில்லை. அதனால் அவசர அறிவிப்பை அக்கா கையில் கொடுத்தோம். ‘கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று இருந்தது. ஒரு முறை வாசித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டார். "தண்ணி வருது. துணிமணி எடுக்க நிக்காதீங்க. மாட்டை அவுத்து விட்டுடுங்க, தானா மேட்டுக்குப் போயிடும். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்புங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. எந்தத் திட்டில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஏற வேண்டும், எந்த வாய்க்கால் பாலத்தை நம்பக் கூடாது என்று ஊர் ஊராகச் சொன்னார். அந்த ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போனவராயிற்றே. எழுதிக் கொடுத்ததை விட்டு வேறு பேசியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள். தண்ணீருக்கு அந்த வாக்கியம் புரியாது, சார், என்று பதில் சொன்னார். வெள்ளம் வடிந்த பிறகு கரையோரத்துப் பெண்கள் சிலர் நிலையத்து வாசலுக்கு வந்து, அந்தம்மாவைக் காட்டுங்க என்று நின்றார்கள்.

கட்சிக்காரர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. அக்கா கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மாவட்டச் செயலாளர் சால்வையும் பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்தார். ஆற்றங்கரைத் தொகுதிக்கு உங்களைத் தவிர யாரும் பொருத்தமில்லை, தமிழுக்கு நாங்கள் செய்யும் மரியாதை இது என்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். கணேசன் அண்ணன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று கை ஜாடை காட்டினார். அக்கா அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அவர்கள் போன பிறகு எங்களிடம், ரேடியோவில் எவ்வளவு சொன்னாலும் காதோடு போய்விடுகிறது, அங்கே போனால் ஒரு பாலமாவது கட்ட முடியும் இல்லையா என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தன் குரலுக்குச் சட்டமன்றமும் ஒரு நல்ல அரங்கு என்று உள்ளூர ஆசைப்பட்டதும் உண்மை. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். குரலைக் கேட்டே கதவு திறந்தார்கள். ஜெயித்தார்.

பாலமும் கட்டினார். இரண்டு பள்ளிகளுக்குக் கட்டடம் வந்தது. ஆனால் தொகுதிக்குள் ராத்திரியும் பகலும் மணல் லாரி ஓடியது. ஆற்றுக்குள் பொக்லைன் இறங்கி நின்றது. லாரிகள் யாருடையவை என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். மாவட்டச் செயலாளரின் மைத்துனர்தான் அந்தத் தொழிலை நடத்தினார். அக்கா ஒரு தடவை கேட்டிருக்கிறார். அதெல்லாம் மேலே பேசி முடித்தது, நீங்கள் உங்கள் தமிழைப் பாருங்கள், அம்மா, என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் வாய் திறக்கவில்லை. கட்சி விருந்துகளுக்குப் போனார், மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்கும் போனார், மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தார். இதை நான் எழுதக் காரணம், அவரே இதை மறைத்ததில்லை. பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "ரெண்டு வருஷம் அவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டேன், சகுந்தலா. அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகலை. எதைச் சாப்பிட்டாலும் குமட்டுது."

அந்த மௌனம் ஒரு பெண் குழந்தையின் சாவில் முடிந்தது. கரையோர ஊர் ஒன்றில் பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண். துணி துவைக்க அம்மாவோடு ஆற்றுக்குப் போனாள். முழங்கால் அளவுத் தண்ணீர் என்று நம்பி நடந்தவள், பொக்லைன் தோண்டிவிட்டுப் போன பள்ளத்துக்குள் இறங்கிவிட்டாள். சேலையை வீசிப் பார்த்திருக்கிறாள் அம்மா. எட்டவில்லை. ஊர்ப் பெண்கள் திரண்டு போய் லாரிகளை மறித்தார்கள். மறியலைக் கலைக்கக் கட்சி அக்காவை அனுப்பியது. கிளம்பும் முன்பே மாவட்டச் செயலாளர் போனில் பாடம் சொன்னாராம். ஆற்றுச் சுழலில் சிக்கி இறந்தாள் என்று இரங்கல் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள், உங்கள் குரலுக்கு அந்த மரியாதை இருக்கிறது என்று.

நானும் அன்று போனேன். அக்காதான் கூப்பிட்டார். போய் இறங்கியதும் நேரே மறியலுக்குப் போகாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். பெண்ணின் அம்மா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அந்தத் தாய், "அம்மா, நீங்கதானே அன்னைக்கு வெள்ளம் வருதுன்னு சொன்னீங்க. இந்தப் பள்ளம் இருக்குன்னு மட்டும் ஏம்மா சொல்லலை?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

அக்கா எழுந்து வெளியே வந்தார். மறியலில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு நின்றார்கள். கட்சிக்காரர் ஒருவர் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அக்கா சொன்னது நாலைந்து வரிதான். "சுழல்னு சொல்லச் சொல்லி என்னை அனுப்பினாங்க. சுழல் ஆறு பண்றது. இது மனுஷன் வெட்டின குழி. வெட்டினது எங்க கட்சிக்காரங்க. ரெண்டு வருஷமாத் தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன்."

அடுத்த வாரமே கட்சியிலிருந்து நீக்கினார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. பின்னால் வந்ததுதான் மோசம். அக்காவைப் பற்றி நாக்கூசுகிற பேச்செல்லாம் போனுக்குப் போன் பரவியது. அவருடைய முனைவர் பட்டம் வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தது என்றார்கள். கணேசன் அண்ணனின் சாதியை இழுத்தார்கள். அக்காவின் படத்தில் மூஞ்சியை மாற்றி ஒட்டிச் சிரித்தார்கள். அதில் ஒன்றை அனுப்பியவன் அவரிடமே படித்தவன். நகரத்தில் ஓர் இலக்கிய மன்றம் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். அழைப்பிதழ் அடித்த பிறகு அவர் பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி விநியோகித்தார்கள். ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினால் உள்ளே பெயர் தெரிந்தது. எனக்கு அந்த அழைப்பிதழைக் கொடுத்த புலவர், என்னம்மா செய்யறது, மண்டபம் கட்சிக்காரங்களோடது என்றார். இந்தப் புலவர்தான் இப்போது இரங்கற்பா எழுதி வெளியிட்டிருக்கிறார். பதினாறு அடி, ஒன்றிலும் தளை தட்டவில்லை.

அரசியலுக்குப் போய்விட்டதால் வானொலிக்கும் திரும்ப முடியவில்லை. கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஒரு காலை கணேசன் அண்ணன் போனை அவர் முன்னால் நீட்டி, எனக்கு மட்டும் இன்னைக்கு ஒரு சொல் சொல்லுங்க என்றிருக்கிறார். அதைத் தொட்டியத்துத் தம்பிக்கு அனுப்பினார். தம்பி ஊருக்கே அனுப்பினார். அதிலிருந்து தினமும் காலையில் அக்காவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. பழைய நேயர்கள் திரும்ப வந்தார்கள், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புதியவர்கள் சேர்ந்தார்கள். குரலில் வயது தெரிய ஆரம்பித்திருந்தது. நடுவில் மூச்சு வாங்குவார், இருமுவார், வெட்டாமல் அப்படியே அனுப்புவார். பழைய பெருமை குறைந்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும், இன்னைக்குக் கேட்டியா என்று கேட்பது மட்டும் போகவில்லை. பள்ளத்தில் இறந்த அந்தப் பெண்ணின் அம்மாவும் கேட்பாள் என்று யாரோ சொன்னபோது, அக்கா அன்றைய பதிவை முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டார்.

இறந்த நாளுக்கு வருகிறேன்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். பத்து மணிவாக்கில் மாவட்டச் செயலாளர் படையோடு வந்தார். மலர் வளையத்தை வைத்துக் கும்பிட்டார். போட்டோக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தாமதமாகிவிட்டது. வந்ததும், எடுத்தியா என்று கேட்டார். இல்லை என்றான். மலர் வளையத்தைத் திரும்ப எடுத்து, இரண்டடி பின்னால் போய், மறுபடி நடந்து வந்து வைத்தார். இந்த முறை கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு ஒருவன் கட்சிக் கொடியை விரித்தான். போர்த்த வேண்டும் என்றார்கள். கணேசன் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. "வேண்டாங்க. அவங்களுக்குப் புழுக்கம் ஆகாது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கொடியைப் பிடித்திருந்தவன் மாவட்டச் செயலாளரைப் பார்த்தான். அவர் மடிக்கச் சொல்லி ஜாடை காட்டினார். வெளியே போய்த் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார், எங்கள் தாயை இழந்துவிட்டோம் என்று.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். உள்ளாட்சித் தேர்தல் வரப்போவது எங்கள் நினைவில் இல்லை.

தென்னூரில் ஒரு மண்டபத்தில் நினைவேந்தல் கூட்டம். கல்லூரி மாணவர்களும் நேயர்களும் சேர்ந்து நடத்துவது, அரசியல் கிடையாது என்று சொல்லித்தான் எங்களை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் மேடையில் பாதி கட்சிக்காரர்கள். திரும்பிவிடலாம் என்றேன். "பிள்ளைங்க வந்திருக்காங்க, பேசிட்டுப் போயிடுவோம்" என்றார் அண்ணன். முன்வரிசையில் உட்கார்ந்தோம். புலவர் இரங்கற்பா படித்தார். சிலர் அழுதார்கள். பிறகு விளக்கை அணைத்து, திரையில் அக்காவின் படத்தைப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். அந்த இருட்டிலும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். இரண்டு வாரமாகக் கேட்காத குரல் அல்லவா. பழைய பதிவு ஏதோ போடுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். "உடலால் உங்களைப் பிரிந்தாலும் உள்ளத்தால் உங்களோடு இருக்கிறேன்" என்றது அந்தக் குரல். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என் இறுதி ஆசை ஒன்றுதான். நான் நேசித்த இயக்கத்தின் வேட்பாளரை இந்தத் தேர்தலில்" என்று அது மேலே போனது. மூச்சு வாங்கவில்லை. இருமவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் தினமும் அனுப்பிய சொற்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பிசைந்து, அவருடைய தொண்டையிலிருந்தே இதைக் கக்க வைத்திருந்தார்கள். பின்னால் சிலர் கைதட்டினார்கள். ஒரு பெண், அம்மாவே சொல்லிட்டாங்க என்று தேம்பினாள். அந்தக் கைதட்டலை என்னால் இன்னும் கழுவிக்கொள்ள முடியவில்லை.

அண்ணன் மேடைப் படியில் ஏறினார். வயதானவர், இருட்டு வேறு, தடுமாறினார். பேசிக்கொண்டிருந்த குரலுக்கு நடுவிலேயே மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையில் அவர் மைக் பிடித்தது அன்றுதான்.

"எங்க வீட்டம்மா செத்துப் போயிட்டாங்க. நான்தான் கொள்ளி வெச்சேன். செத்தவங்களைப் பேச வைக்காதீங்க."

யாரோ ஒலியை நிறுத்தினார்கள், விளக்கைப் போட்டார்கள். மாவட்டச் செயலாளர் எழுந்து வந்து தோளில் கை போட்டு, "ஐயா உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் அந்தக் கையை எடுத்து, அவருடைய பக்கத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு இறங்கி நடந்தார். நான் கூடவே போனேன். திரும்பிப் பார்த்தேன். நேயர்களில் நிறையப் பேர் எழுந்து எங்களோடு வந்தார்கள். உட்கார்ந்தே இருந்தவர்களும் நிறைய. புலவர் உட்கார்ந்திருந்தார்.

போலீஸில் புகார் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். கட்சித் தரப்பில், இளைஞர் அணித் தம்பிகளின் ஆர்வக்கோளாறு, அம்மா மேல் வைத்த பாசத்தில் செய்துவிட்டார்கள் என்று அறிக்கை வந்தது. அறிக்கை வந்த அதே நாளில் தொகுதி முழுக்கப் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. எடுத்தால் அக்காவின் குரல், அதே பேச்சு. எனக்கும் வந்தது. முதல் சொல்லிலேயே துண்டித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

நேற்று மாலை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அண்ணன் தனியாக இருந்தார். தோசை வார்த்து எனக்கும் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்த அக்காவின் போன் அடித்தது. அதை அவர் இன்னும் அணைக்கவில்லை. இறந்தது தெரியாமல் யாராவது நேயர் கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்று வைத்திருந்தார். எடுத்துப் பேசினார். பேசவில்லை, கேட்டார். எனக்கும் கேட்டது. கட்சியின் பழைய போன் பட்டியலிலிருந்து எண்களை எடுத்த எந்திரம், பட்டியலில் இன்னும் நீக்காமல் இருந்த அக்காவின் எண்ணுக்கே கூப்பிட்டிருந்தது. அக்காவின் குரலிலேயே, அக்காவிடம், ஓட்டுக் கேட்டது.

அண்ணன் அதை முழுவதும் கேட்டார். துண்டிக்கவில்லை, திட்டவில்லை. முடிந்ததும் போனின் பின்பக்கத்தைத் திறந்து, நகத்தால் நெம்பி சிம் கார்டை எடுத்தார். கத்தரிக்கோலால் அதை இரண்டாக வெட்டினார். ஃபிட்டர் வேலை பார்த்த கை, ஒரே வெட்டு. துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டார்.

"நல்லா இல்லைல்ல?" என்று கேட்டார்.

தோசையையா, குரலையா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றேன்.

கமலவேணி அக்கா, போய் வாருங்கள். இங்கே நடப்பது எதையும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. உங்கள் குரல் எது என்று எங்களுக்குத் தெரியும்.